கேரவனுக்குப் பிரேக் பூட்டிய கிழமை

குறடு அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"இஞ்சரும், குறட்டைக் காணேல்லை. எங்கையப்பா வச்சனீர்?"

என் கணவர் எங்கள் வான் வண்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தார். தலை ஸ்டீயரிங்குக்கு அடியில், கால்கள் கதவுக்கு வெளியே. நான் எட்டிக் குறட்டை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தேன். "பக்கத்திலைதானே கிடக்குது" என்றேன். "ஓ" என்றார். சற்று நேரத்தில் டேப் கேட்டார். டேப்பும் குறடு கிடந்த அதே இடத்தில்தான் கிடந்தது.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பேன். இவர் கருவிகளைத் தேடுகிற மனிதர் இல்லை. சிட்னியில் ஒரு மருத்துவமனையில் இயந்திரங்களைத் திருத்தும் பிரிவில் வேலை செய்தார். நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்புகள் அவருடைய பொறுப்பு. வீட்டில் பல்ப் மாற்றுவதென்றாலும் பெட்டியில் எழுதியிருப்பதை முழுக்க வாசிப்பார். வேலை தொடங்குமுன் கருவிகளைப் பழைய துவாய் ஒன்றில் வரிசையாக அடுக்கிவைப்பார். இருட்டில்கூடக் கையை நீட்டி வேண்டியதை எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று காலை முழுவதும் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனபிறகுதான் கேரவன் வாங்கும் எண்ணம் வந்தது. எட்டுப் பேர் இருக்கக்கூடிய வானில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தோம். பின் இருக்கைகளைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்ற, உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள சின்னக் கேரவனை வாங்கினோம். அதை இழுக்க வானில் பிரேக் கண்ட்ரோலர் பூட்ட வேண்டும். கடையில் பூட்டலாம் என்றேன். "அவங்கள் அவசரத்திலை பூட்டுவாங்கள். நான் ஆறுதலாப் பூட்டுறன்" என்றார்.

என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். வான் பிரேக் போடும்போது பின்னால் வருகிற கேரவனும் தன் சில்லுகளில் பிரேக் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பாரம் முழுவதும் வானைத் தள்ளும். அதற்காக ஒரு சின்னப் பெட்டி டாஷ்போர்டுக்கு உள்ளே போகும். அதன் குமிழ் ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் வெளியே தெரியும். கேரவன் பூட்டியிருந்தால் குமிழில் ஒரு விளக்கு எரியும். குமிழை அழுத்தினால் கேரவனின் பிரேக் மட்டும் தனியாகப் பிடிக்கும். பெட்டியிலிருந்து புறப்படுகிற வயர்களில் நீலம்தான் முக்கியம். அது வானின் அடிவயிற்றால் ஓடிப் பின்னாலிருக்கும் பிளக்குக்குப் போய், அங்கிருந்து கேரவனின் சில்லுகளுக்குப் போகிறது.

"இந்த நீலம் அறுந்தால்?" என்று கேட்டேன்.

"அறாது. நான்தானே பூட்டுறன்."

மத்தியானம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். தலையிடி என்று பனடோல் கேட்டார். அந்த மாதத்தில் அவர் அடிக்கடி பனடோல் போட்டார். மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம், பிளக்குக்கு வயர் எடுப்பதற்காகக் கழற்றிப் பூட்டிய வானின் பின்விளக்குகளைச் சோதித்தோம். அவர் முன்னால் இருந்து சுவிட்சுகளைப் போட, நான் பின்னால் நின்று பார்த்துச் சொன்னேன். பிரேக் விளக்கு வந்தது. வலது சிக்னல் வந்தது. இடது சிக்னல் வரவில்லை.

"இடது வரேல்லையப்பா."

"வரும். வடிவாப் பாரும்."

"பாத்திட்டன். வரேல்லை."

இறங்கி வந்தார். நான் வானின் பின்பக்கத்துக்குக் கீழே குனிந்தேன். இடப்பக்க விளக்குக்குப் போகவேண்டிய வயர் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி சீவப்பட்டிருக்கவும் இல்லை. வலப்பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக, டேப் சுற்றி, பட்டி போட்டுக் கட்டப்பட்டிருந்தது. நான் சுட்டிக்காட்டினேன்.

"அது நான் செய்தனான்" என்றார்.

"இல்லையப்பா, பாருங்கோ, தொங்குது."

"செய்தனான் எண்டு சொல்லுறன். நீர் என்னத்தையோ இழுத்துப்போட்டீர்."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் வயரை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். கையில் வந்தபிறகு அவர் அதை அழகாகச் சீவி இணைத்தார். பிறகு பின்னால் குந்தியிருந்து பிளக்குக்குள் வயர்களைச் செருகி, திருகாணிகளை இறுக்கி, மூடியைப் போட்டார். அந்த வேலையை அவர் எவ்வளவு கவனமாகச் செய்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கியபிறகு வயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்த நாள் ஞாயிறு. தொழிற்சாலைகள் மூடியிருக்கிற ஒரு தெருவுக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு போனோம். மெதுவாக ஓடி, குமிழை அழுத்தினார். பின்னால் யாரோ சேலையைப் பிடித்து இழுத்ததுபோல் வான் நின்றது. "பாத்தீரா?" என்று சிரித்தார். பலமுறை செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பிடித்தது. திரும்பி வரும்போது இடப்பக்க வளைவில் கேரவனின் சில்லு நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. அதன் அலுமாரிக்குள் நான் வைத்திருந்த கிண்ணங்கள் விழுகிற சத்தம் கேட்டது. அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் நான் கணக்கில் எடுக்காமல் விட முயன்ற சில காரியங்கள் நடந்தன. வானின் இடப்பக்கக் கண்ணாடி குப்பைத் தொட்டியில் இடித்து மடங்கியது. ஒரு காலை அவர் வேலைக்குப் புறப்பட்டபோது இடது கன்னத்தில் சவரம் செய்யாமலே போனார். கூப்பிட்டுச் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டு, "பிளேட் மொட்டை" என்றார். குசினியில் இடப்பக்கக் கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டு, இடித்ததற்கு ஒரு "ஆ"கூடச் சொல்லாமல் கடந்து போனார். நான் வேலைசெய்கிற நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது இவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யாரிடமாவது கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? என் மனுசன் கதவில் இடித்துக்கொண்டார் என்றா?

சனிக்கிழமை புறப்பட்டோம். முதலில் சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில் வாகனப் பூசை, அதன்பிறகு மலையிறங்கி வொலங்கொங் பக்கம் கடற்கரையில் ஒரு கேரவன் பார்க்கில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். நல்ல வெயில். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் என் இருக்கைக்குக் கீழே 'டர்ர்' என்று சத்தம் எழுந்தது. வான் சாலையின் இடது ஓரத்துக்குப் போய், ஓட்டும்போது தூங்கிவிடுகிறவர்களை எழுப்பப் போட்டிருக்கும் கரடுமுரடான கோட்டில் ஏறியிருந்தது.

"என்னப்பா, ஓரத்துக்குப் போறீங்கள்!"

"கேரவன் இழுக்குது" என்று சொல்லி நடுவுக்கு எடுத்தார்.

திரும்பவும் அந்தச் சத்தம் வந்தது. அதற்குப்பிறகும் வந்தது. சத்தம் வரும்போதெல்லாம் என் வலது கால், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஓரத்துத் தடுப்புவேலி என் முகத்துக்கு நேரே வந்து விலகிப்போனது. "நான் ஓடட்டோ?" என்று கேட்டேன். "உமக்கு இழுத்துப் பழக்கமில்லை" என்றார்.

கோயிலில் ஐயர் வானுக்கும் கேரவனுக்கும் சந்தனம் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, மந்திரம் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எதைக் கேட்டுக் கும்பிடுவது என்று எனக்குச் சொல் வரவில்லை. பூசை முடிந்து கண்டீனில் இரண்டு தோசை வாங்கிக்கொண்டு மேசையில் இருந்தோம்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கைதுடைத்தார். "முந்தி எவ்வளவு பெரிய தோசை தாறவங்கள். இப்ப பாத்தீரா, பாதிதான்" என்றார்.

அவருடைய தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது. தட்டின் நடுவில் கோடு போட்டு வெட்டியதுபோல், வலப்பக்கம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. இடப்பக்கத்தில் தோசையும் சட்னியும் தொடப்படாமல் கிடந்தன. அன்று அவர் பாதியில் தள்ளிவைத்த புட்டுக் கோப்பை என் கண்முன் வந்தது. நான் கையை நீட்டித் தட்டைத் திருப்பிவைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். தோசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எங்காலை வந்தது?"

"அங்கைதான் இருந்தது."

சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் தட்டை மெதுவாக முன்பிருந்தபடியே திருப்பினார். மறுபடியும் இந்தப்பக்கம் திருப்பினார். ஒரு பழுதான பம்பைச் சோதிப்பதுபோல் செய்தார். காற்சட்டைப் பையிலிருந்து வானின் திறப்பை எடுத்து மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். நான் கேட்கவில்லை. அவராகத் தந்தார்.

கண்ணில் ஏதோ பிரச்சினை என்றுதான் நான் நினைத்தேன். மலையிறங்கினால் வொலங்கொங்கில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. கேரவனைப் பார்க்கில் விட்டுவிட்டு நேராக அங்கே போவோம் என்றேன். சரி என்று தலையாட்டினார். பூசை செய்த வாகனம், புதிதாகப் பூட்டிய பிரேக். கேரவனைப்பற்றி எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை.

அந்த மலை இறக்கம் செங்குத்தானது. லொறிகள் குறைந்த கியரில் இடப்பக்கமாக ஊர்ந்து இறங்கவேண்டும் என்று பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறக்கம் தொடங்கியதும் பிரேக்கை மெதுவாக அழுத்தினேன். வான் வேகம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி அழுத்தினேன். இந்தமுறை குறையவில்லை. பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. பெரிய கையொன்று வானின் முதுகில் வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது.

என் கணவர் இப்போது இடப்பக்க இருக்கையில் இருந்தார். குமிழ் அவருக்கு வலப்புறம்.

"விளக்கு நிண்டிட்டுது" என்றார்.

"என்ன விளக்கு?"

கையை நீட்டிக் குமிழை அழுத்தினார். விட்டு அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளு கூடிக்கொண்டே வந்தது.

"கேரவனிலை பிரேக் இல்லை" என்றார். அவருடைய குரல் வேலையிடத்துக் குரலாக மாறியிருந்தது. "பயப்பிடாதையும். கியரைக் குறையும். லீவரை இந்தப்பக்கம் தட்டும். இன்னொண்டு. எஞ்சின் கத்தட்டும், பரவாயில்லை. பிரேக்கை நெடுக மிதிச்சு வச்சிருக்காதையும். மிதிச்சு வேகத்தைக் குறைச்சுப்போட்டு விடும். பிறகு மிதியும்."

அவர் சொன்னதைச் செய்தேன். எஞ்சின் அலறியது. எரிகிற வாசம் உள்ளே வந்தது. கண்ணாடியில் கேரவனின் வெள்ளை முகம் மெல்ல அசைந்துகொண்டே வந்தது. எனக்குப் பின்னால் ஒரு கார் விளக்கை அடித்து அடித்து வழி கேட்டது. இடது ஓரத்துக்குப் போய் மெதுவாக இறங்கவேண்டும் என்று மட்டும் எனக்கு விளங்கியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்:

"இடப்பக்கம் ஆரும் வாறாங்களோ?"

அவர் இடப்பக்கம் திரும்பினார். "இல்லை. ஒருத்தரும் இல்லை. எடும்."

நான் சிக்னல் போட்டேன். ஸ்டீயரிங்கைத் திருப்பவும் தொடங்கிவிட்டேன். பழக்கத்தினால், வெறும் பழக்கத்தினால், ஒரு கணம் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு லொறியின் முன்சில்லு சுழன்றுகொண்டிருந்தது. அது அவருடைய ஜன்னலுக்குப் பக்கத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

நான் கத்தினேன். வானை என் பாதைக்குள் திரும்ப இழுத்தேன். கேரவன் ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, நேரானது. லொறி ஹோர்ன் அடித்த அடியில் ஜன்னல் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் என் கணவர் அந்தப்பக்கம் திரும்பி, "இது எங்காலை வந்தது?" என்றார். கண்டீனில் தோசைக்குச் சொன்ன அதே சொற்கள், அதே தொனி.

எஞ்சிய இறக்கத்தை எப்படி இறங்கினேன் என்று கேட்டால், அவர் சொல்லச் சொல்ல இறங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். எப்போது மிதிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்று ஒரு பிழையுமில்லாமல் சொன்னார். அந்தத் தலையில் இவ்வளவு தெளிவும் இருந்தது. ஒரு முழு லொறி இல்லாமலும் போயிருந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருக்கும் என்பதுதான் சில்லுகளின் சூட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது.

கீழே சமதரை வந்ததும் முதல் வெளிவழியால் இறங்கி ஒரு பெற்றோல் நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தினேன். முன்சில்லுகளில் இருந்து புகை வந்தது. இருவரும் பின்னால் போனோம். நீல வயர் பிளக்கில் இருந்து கழன்று வெளியே தொங்கியது. கருவிப் பையை எடுத்து மூடியை நானே கழற்றினேன். வலது பாதித் திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. இடது பாதியில் ஒன்றும் இறுக்கப்படவில்லை. அந்தப் பாதியில் வயர்கள் வெறுமனே துளைக்குள் செருகப்பட்டு, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிடித்ததும் அந்தத் தொடுகையில்தான்.

பிளக் அவருடைய வலப்பக்கம் வரும்படி அவரை நிறுத்திக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இதை ஆர் செய்தது?"

"நீங்கள்தானப்பா."

"நான் இப்பிடிச் செய்யமாட்டன்" என்றார். கோபமில்லை. கெஞ்சுகிற குரல். பிறகு நடைபாதை விளிம்பில் குந்திவிட்டார்.

மெல்பேர்னில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் பிசியோதெரபி படிக்கிறவள். தோசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினாள்.

"விச் சைட், அம்மா? எந்தப் பக்கம் விட்டவர்?"

"இடப்பக்கம்."

"ஃபோனை வச்சிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. இப்பவே. அப்பாவைத் தனிய விடாதேங்கோ." அவள் அழுகிறாள் என்பது அவள் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் பேசியதிலேயே தெரிந்தது.

ஸ்கானில் மூளையின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. நல்ல காலம், பரவுகிற வகையல்ல. ஆனால் மெதுவாக, வருடக்கணக்காக வளர்ந்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. வைத்தியர் எங்களுக்கு ஆறுதலாக விளக்கினார். கண்ணில் பழுதில்லை. இடப்பக்கத்தில் இருப்பதை மூளை கணக்கில் எடுக்கவில்லை; கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. "எவ்வளவு காலமாக இப்படி?" என்று கேட்டார். நான் பின்னோக்கிப் போகத் தொடங்கினேன். தோள், கன்னம், வானின் கண்ணாடி, அதற்கு முன் ஒரு கல்யாண வீட்டில் தன் இடப்பக்கம் இருந்த நண்பரோடு ஒரு சொல்லும் பேசாமல் வந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

கட்டியை எடுத்தார்கள். மகள் வந்து நின்றாள். அவர் கண்விழித்து எங்கள் பெயர்களைச் சரியாகச் சொன்னார். கிழமைகள் போக, இடப்பக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, முழுவதும் வரவில்லை. வாகனம் ஓட்டும் அனுமதி போய்விட்டது. பிளக்கை வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்வித்தோம். கேரவனை இழுக்க நான் ஒரு பயிற்சிக்குப் போய்ப் பழகினேன்.

ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து, பேச்சு ஒழுங்காக வந்த முதல் நாளே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது வேறு ஒன்று.

"என்ரை வேலையிடத்துக்குச் சொல்லோணும்."

"லீவு சொல்லியாச்சு. நீங்கள் யோசிக்காதேங்கோ."

"லீவில்லையப்பா. பம்புகள். நான் போன மாதங்களிலை திருத்தின பம்புகள் எல்லாத்தையும் திரும்பத் திறந்து பாக்கச் சொல்லும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நான் எழுந்து வெளியே நடைவழியில் போய் நின்றேன். திறந்திருந்த கதவுகளுக்குள் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அப்படி ஒரு பம்ப் மெல்லிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய மேலாளர் நல்ல மனிதர். கேட்டவுடன் எல்லாவற்றையும் பாவனையில் இருந்து எடுத்தார்கள். ஒரு பின்னேரம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். சிலவற்றில் ஒருபக்கத் திருகாணிகள் இல்லை. ஒன்றில் உள்ளே ஒரு இணைப்பு சரியாகச் செருகப்படவில்லை. எல்லாம் வேலைசெய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. யாருக்கும் தீங்கு நடந்ததாகத் தெரியவில்லை. என் கணவர் ஒவ்வொன்றும் எந்த வார்டில் இருந்தது என்று கேட்டார். பிறகு, "எல்லாம் கிடைச்சுதோ?" என்று கேட்டார்.

ஒன்று கிடைக்கவில்லை. நாட்டுப்புறத்தில் உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு இரவலாகப் போனதாம். அங்கிருந்து வேறெங்கோ போயிருக்கிறது. தேடுகிறார்களாம்.

அவர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் இடைக்கிடை மேலாளருக்கு எடுத்து அந்த ஒன்றைப்பற்றிக் கேட்பார். போன கிழமையும் கேட்டார். அது இன்னும் கிடைக்கவில்லை.